நாற்காலிக்கு முன்னால் பட்டியல்

கர்நாடக மாநிலத்தின் 224 சட்டமன்றத் தொகுதிகளில் 162-ஆம் எண் கொண்டது சிவாஜிநகர். மாநிலத்தை ஆளுகின்ற விதான சௌதா இந்தத் தொகுதியின் எல்லைக்குள்தான் நிற்கிறது. பீதரிலிருந்து சாமராஜநகர் வரை ஓட்டு வாங்கி வெற்றி பெற்ற உறுப்பினர்கள் அத்தனை பேரும் சட்டம் செய்ய நம் தொகுதிக்குத்தான் வந்தாக வேண்டும். அந்தக் கல் மாளிகையின் படிகளிலிருந்து அரைமணி நேரம் நடந்தால் ரஸ்ஸல் மார்க்கெட். விடிவதற்கு முன்பே அங்கே மூட்டை தூக்குகிறவர்களில், பூக்கட்டுகிறவர்களில், மீன் வெட்டுகிறவர்களில், தள்ளுவண்டி தள்ளுகிறவர்களில் நம் குடும்பங்கள் எத்தனை! ஆட்சிக்கு இவ்வளவு அருகில் குடியிருக்கிறோம். ஆனால் ஆட்சியில் நமக்கு என்ன பங்கு? அந்தக் கேள்வியை இந்த இதழில் கொஞ்சம் நிதானமாகக் கேட்டுப் பார்க்க விரும்புகிறோம்.

டீக்கடையில் இந்தப் பேச்சு எழுந்தால் உடனே ஒரு பதில் வரும்: "நம்மாள் ஒருத்தர் எம்.எல்.ஏ. ஆகட்டும், எல்லாம் சரியாகிவிடும்." இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு நமக்கும் பழகிவிட்டது. ஆனால் இது பாதி உண்மை. பாதி உண்மையை முழு மருந்தாக நம்பினால் நோய் தீராது. சிவாஜிநகர் தொகுதியின் கதையைப் புரட்டிப் பார்த்தால் இது விளங்கும்.

நாம் இங்கே வந்த கதை

பழைய தலைமுறையினர் இந்தப் பகுதியை இன்றும் 'பிளாக்பள்ளி' என்றே சொல்வார்கள். 1809-இல் வெள்ளைக்காரன் பெங்களூரில் கண்டோன்மெண்ட் அமைத்தான். பட்டாளத்தோடு சிப்பாய் வந்தான். சிப்பாயோடு சமையல்காரன், வண்ணான், குதிரைக்காரன், கொத்தன், கங்காணி, கணக்கன் எல்லோரும் வந்தார்கள். ஆற்காட்டிலிருந்தும் வேலூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த அந்தக் கூட்டம்தான் இங்குள்ள தமிழ்க் குடியிருப்புகளின் வேர். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்டுக்கு ரயில் வந்தது. ரயில் வந்த பிறகு கால்நடையாக வந்த கூட்டம் வண்டியேறி வந்தது. தண்டவாளம் போட்டவனும் தமிழன். அந்தத் தண்டவாளத்தில் குடும்பத்தோடு வந்து இறங்கியவனும் தமிழன்.

உழைப்பாளிகள் மட்டுமல்ல, காண்டிராக்டர்களும் நம்மிடையே இருந்தார்கள். இன்று உயர்நீதிமன்றம் நடக்கும் சிவப்புக் கட்டடத்தை, அந்த அட்டாரா கச்சேரியை, கட்டி முடித்த காண்டிராக்டர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் தொடங்கியவரும் அவரே. அவர் பெயரிலுள்ள கல்வி நிறுவனங்கள் அல்சூர் ஏரிப் பக்கம் இன்றும் நடக்கின்றன.

இவ்வளவும் இருந்தும் ஓட்டு என்ற ஒன்று நம் முன்னோர்க்கு இல்லை. மைசூர் மகாராஜாவின் ராஜ்யத்தில் 1881-லேயே பிரதிநிதி சபை கூடியது. ஆனால் கண்டோன்மெண்ட் அந்த ராஜ்யத்தின் நிர்வாகத்தில் இல்லை. அது பிரிட்டிஷ் ரெசிடெண்டின் கையில் இருந்தது. 1947 ஜூலை 26-ஆம் தேதி, சுதந்திரத்துக்கு மூன்று வாரம் முன்புதான், அது மைசூரிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. 1949-இல் பேட்டையும் கண்டோன்மெண்டும் சேர்ந்து ஒரே கார்ப்பரேஷன் ஆயின. அதன் பிறகு வந்த 1952 பொதுத் தேர்தலில்தான் வயது வந்த அத்தனை பேருக்கும், மூட்டை தூக்குகிறவனுக்கும் முதலாளிக்கும், ஒரே மாதிரி ஒரு ஓட்டு என்ற நிலை வந்தது. நூற்று நாற்பது ஆண்டுக் காலம் உழைத்த பிறகு கிடைத்த உரிமை அது. அதை இன்று நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்பதே நம் கவலை.

வந்தவர்கள், போனவர்கள்

இந்தத் தொகுதியில் வென்றவர்களில் சிலரை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1978-இல் சி.எம். இப்ராகிம் வென்றார். பின்னாளில் 1996-இல் தேவகௌடா ஆட்சியில் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சராகும் அளவுக்கு உயர்ந்தார். ஜனதா தளத்திலும் காங்கிரசிலும் இருந்துவிட்டு, 2022-இல் மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் மாநிலத் தலைவரானார். 1999-லும் 2004-லும் பாரதிய ஜனதாவின் கட்டா சுப்பிரமணிய நாயுடு வென்றார். தொகுதி எல்லை மாறியதும் 2008-இல் அவர் ஹெப்பாளுக்குப் போய் அங்கே வென்றார்.

2008, 2013, 2018 என்று மூன்று முறை தொடர்ந்து வென்றவர் காங்கிரசின் ரோஷன் பெய்க். அதற்கு முன் ஜனதா தளத்தில் இருந்தபோது ஜே.எச். பட்டேல் மந்திரிசபையில் உள்துறை அமைச்சராக இருந்தவர். பிறகு காங்கிரசுக்கு வந்து பக்கத்துத் தொகுதியான ஜெயமகாலில் வென்றவர். 2018-இல் ஹெப்பாளிலிருந்து திரும்பி வந்த கட்டா சுப்பிரமணிய நாயுடுவைத் தோற்கடித்தார். ஓர் ஆண்டு முடிந்தது. 2019 ஜூலையில் கூட்டணி ஆட்சியைக் கவிழ்த்த ராஜினாமாக்களின் வரிசையில் அவருடைய ராஜினாமாவும் சேர்ந்தது. சபாநாயகர் ரமேஷ் குமார் அவரையும் சேர்த்து 17 பேரைத் தகுதி நீக்கம் செய்தார். அதே ஆண்டு நவம்பர் 13-இல் உச்சநீதிமன்றம் தகுதி நீக்கம் செல்லும் என்றது. ஆனால் இடைத்தேர்தலில் நிற்கத் தடையில்லை என்றும் சொன்னது.

2019 டிசம்பர் 5-இல் 15 தொகுதிகளில் இடைத்தேர்தல் நடந்தது. பன்னிரண்டில் பாரதிய ஜனதா வென்றது. இரண்டே இரண்டில் காங்கிரஸ். அந்த இரண்டில் ஒன்று சிவாஜிநகர். ரிஸ்வான் அர்ஷத் 13,521 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். 2023 மே மாதப் பொதுத் தேர்தலிலும் அவரே வென்றார்.

வாசகர்களே, இந்த வரிசையைக் கவனியுங்கள். கட்சி மாறியவர் உண்டு, தொகுதி மாறியவர் உண்டு. மந்திரியானவர்களும் உண்டு. தொகுதிக்குத் தலைவர்கள் பஞ்சமே இல்லை. ஆனாலும் மழை பெய்தால் பாதாளச் சாக்கடை பொங்கி வாசலுக்கு வருகிற சந்துகளுக்கும் பஞ்சமில்லை. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கிற வீடுகளுக்கும் பஞ்சமில்லை. 2018-இல் ஓட்டுப் போட்டவர்கள், அடுத்த ஆண்டே மறுபடி வரிசையில் நின்றார்கள். நடுவில் எந்தக் கட்சியாவது நம் சந்துக்கு வந்து, "உங்கள் உறுப்பினர் ராஜினாமா செய்யலாமா?" என்று கேட்டதா? கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோடு போட்டவர்கள் நம்மைக் கேட்டார்களா?

உறுப்பினர்கள் மாறியது மட்டுமல்ல, தொகுதியே மாறியது. 2008 தேர்தலுக்கு முன் நடந்த எல்லை மறுவரையறையில் பாரதிநகர் என்ற சட்டமன்றத் தொகுதி மறைந்தது. ஜெயமகால் தொகுதியும் மறைந்தது. சர்வக்ஞநகர், புலிகேசிநகர், சி.வி. ராமன் நகர் என்று புதிய தொகுதிகள் முளைத்தன. அதன் பிறகு வந்த 198 வார்டுக் கணக்கில் ராமசாமிபாளையா, ஜெயமகால், அல்சூர், பாரதிநகர், சிவாஜிநகர், வசந்தநகர், சம்பங்கிராமநகர் என்ற ஏழு வார்டுகள் சேர்ந்து இன்றைய சிவாஜிநகர் தொகுதி ஆயின. தமிழர்கள் கூட்டமாக வாழ்ந்த பகுதிகளில் சில இந்தப் பக்கமும் சில அந்தப் பக்கமும் போயின.

இதைச் சதி என்று நாம் சொல்லவில்லை. எல்லை மறுவரையறை சட்டப்படி நடந்தது. வரைவு வெளியிட்டு ஆட்சேபம் கேட்பதும் அந்தச் சட்டத்திலேயே உண்டு. ஆட்சேபம் சொல்ல வேண்டியவன் அந்த நேரத்தில் வேலைக்குப் போயிருந்தான் என்பதே நம் வருத்தம். வரைபடம் விரித்து வைத்த மேசைக்கு யார் போனார்களோ அவர்கள் சொன்னது கேட்கப்பட்டது. அடுத்த மறுவரையறை வரும்போதாவது நம் சங்கங்கள் விழித்திருக்க வேண்டும்.

நம்மாள் வந்தால் போதுமா?

இனி அந்த டீக்கடைப் பதிலுக்கு வருவோம். தமிழர் சட்டமன்றம் போகவே இல்லையா? போயிருக்கிறார்கள். கோலார் தங்கவயலைப் பாருங்கள். அங்கே சுரங்கத் தொழிலாளர்களின் ஓட்டில் அ.தி.மு.க.வின் எம். பக்தவத்சலம் 1983, 1989, 1999 ஆகிய மூன்று தேர்தல்களில் வென்றார். குடியரசுக் கட்சியினரும் மார்க்சிஸ்டுகளும் அங்கே வென்றதுண்டு. கர்நாடக மண்ணில் தமிழ்த் தொழிலாளி தன் ஓட்டின் பலத்தை அப்படிக் காட்டிய இடம் வேறில்லை. ஆனால் 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபோது அந்தத் தொகுதிக்கு உறுப்பினர் இல்லாமல் போகவில்லை. தமிழ் உறுப்பினரே இருந்தார். 224 பேரில் ஒருவராக இருந்து அவரால் ஒரு மத்திய அரசு முடிவைத் தடுக்க முடியவில்லை. இது அவர் குற்றமல்ல. ஆளை அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் தவறு. ஆளை அனுப்புவது வேலையின் ஆரம்பம்.

நம் தொகுதிக்கே வருவோம். 2019 இடைத்தேர்தலில் பாரதிய ஜனதா நிறுத்தியது தமிழ் பேசும் எம். சரவணாவை. "இப்போதாவது நம்மாள்" என்று ஒரு பக்கம் பேச்சு. "கட்சியைப் பார், ஆளைப் பார்க்காதே" என்று இன்னொரு பக்கம் பேச்சு. அவர் இரண்டாவதாக வந்தார். யாருக்குப் போட்டிருக்க வேண்டும் என்று நாம் சொல்லப் போவதில்லை. அது ஒவ்வொரு வாசகரின் உரிமை. அந்தத் தேர்தலில் தமிழ்க் குடும்பங்கள் முன்வைத்த கோரிக்கை என்ன? எந்த வேட்பாளரிடம் எந்தத் தாளில் எழுதிக் கொடுத்தோம்? வேட்பாளரின் தாய்மொழியைப் பற்றி ஒரு மாதம் பேசினோம். நம் தண்ணீரைப் பற்றி, வாடகையைப் பற்றி, பிள்ளைகளின் பள்ளியைப் பற்றி எத்தனை நாள் பேசினோம்?

திருவள்ளுவர் சிலையின் கதையும் இதைத்தான் சொல்கிறது. அல்சூர் ஏரிக்கரையில் 1991-இல் வைக்கப்பட்ட சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. அதற்குள் எத்தனையோ தேர்தல்கள், எத்தனையோ வாக்குறுதிகள். கடைசியில் 2009 ஆகஸ்ட் 9-இல் தமிழ்நாட்டு முதல்வர் கருணாநிதி திறந்து வைத்தார். கர்நாடக முதல்வர் எடியூரப்பா உடனிருந்தார். நான்கு நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. கன்னடர்க்கும் தமிழர்க்கும் இடையே பேச்சு நடந்தபோதுதான் துணி விலகியது. முறுக்கிக்கொண்டு நின்றதால் விலகவில்லை.

இந்தத் தொகுதியில் நாம் தனியாக இல்லை. உருது பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், கன்னடர் இருக்கிறார்கள், தெலுங்கர் இருக்கிறார்கள், மலையாளிகள் இருக்கிறார்கள். செப்டம்பர் 8-இல் புனித மரியன்னை பசிலிக்காவின் தேர் வரும்போது அந்தத் தெருவில் யார் எந்த மதம் என்று பிரித்துச் சொல்ல முடியுமா? 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம், 1994 அக்டோபரில் உருதுச் செய்தி ஒளிபரப்பை வைத்துக் கலவரம், 2016 செப்டம்பர் 12-இல் மறுபடி காவிரி. ஒவ்வொரு தடவையும் ஒரு கூட்டத்துக்கு அடி விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அன்றாடங்காய்ச்சியின் அடுப்பு அணைந்தது. பொங்கும் சாக்கடை தமிழன் வீடு, துலுக்கர் வீடு என்று பார்த்து நுழைவதில்லை. ஆகவே மொழிக்கு ஒரு கட்சி, மதத்துக்கு ஒரு கட்சி என்று பிரித்து நம்மை எண்ணிக்கையாக மட்டும் பார்க்கிறவர்களுக்கு நாம் உதவி செய்யலாகாது.

பட்டியலில் பெயர் இருக்கிறதா?

அப்படியானால் என்ன செய்வது? இங்கேதான் நம் தலையங்கத்தின் முக்கியமான செய்திக்கு வருகிறோம். நாற்காலியில் யார் உட்காருவது என்று சண்டை போடுவதற்கு முன்னால், அதைத் தீர்மானிக்கிற பட்டியலில் நாம் இருக்கிறோமா?

ரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி புறப்படுவதற்கு முன் சார்ட் தயாராகிவிடும். அதில் பெயர் இல்லாதவர் பெட்டி வாசலில் நின்று எத்தனை நியாயம் பேசினாலும் டிக்கெட் பரிசோதகர் படுக்கை கொடுக்க முடியாது. வாக்காளர் பட்டியலும் அப்படித்தான். வேட்புமனுவின் கடைசி நாளோடு பட்டியல் பூட்டப்படும். அதற்குப் பிறகு அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாலும் பயனில்லை. அட்டை வேறு, பட்டியல் வேறு. அட்டை கையில் இருந்து பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பியவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் நம்மிடையே உண்டு.

2022 நவம்பரில் என்ன நடந்தது என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெங்களூரில் வாக்காளர் விழிப்புணர்வு என்ற பெயரில் அனுமதி பெற்ற 'சிலுமே' என்ற தனியார் அமைப்பின் ஆட்கள், தேர்தல் ஊழியர் போல வீடு வீடாகப் போய் வாக்காளர் விவரங்களைச் சேகரித்தார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. அனுமதி ரத்தானது. தேர்தல் ஆணையம் இரண்டு அதிகாரிகளைத் தற்காலிக வேலைநீக்கம் செய்யச் சொன்னது. மூன்று தொகுதிகளில் அந்த ஆண்டு ஜனவரி முதல் நடந்த சேர்த்தல், நீக்கல் அத்தனையையும் நூற்றுக்கு நூறு சரிபார்க்கவும் உத்தரவிட்டது. சிக்பேட்டை, மகாதேவபுரா, மூன்றாவதாக நம் சிவாஜிநகர்!

அதோடு முடியவில்லை. 2023 தொடக்கத்தில், தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்தபோது, இந்தத் தொகுதியில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 'இடம் மாறியவர்கள் அல்லது இறந்தவர்கள்' என்று ஒரு புகார்ப் பட்டியலில் காட்டப்பட்டார்கள். அவர்களுக்கு நோட்டீஸ் போயிற்று. அதே சந்தில் பல காலமாகக் குடியிருக்கிறவர்களும், "நான் உயிரோடுதான் இருக்கிறேன், இங்கேதான் இருக்கிறேன்" என்று நிரூபிக்க வேண்டிய நிலை வந்தது.

இந்த வலையில் முதலில் விழுகிறவன் யார்? சொந்த வீட்டுக்காரன் அல்ல. பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருக்கிறவன். அட்வான்சை உயர்த்தினால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துச் சந்துக்குப் போகிறவன். ஊழியர் வீட்டுக்கு வரும் பகல் நேரத்தில் வேலைக்குப் போயிருக்கிறவன். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ வந்த நோட்டீசை அலமாரியில் செருகி வைத்துவிட்டு மறந்தவன். சுருக்கமாகச் சொன்னால், நாம்.

ஊரில் ஒரு பெயர், இங்கே ஒரு வாழ்க்கை

குறையை வெளியில் மட்டும் தேடினால் போதாது. நம் குடும்பங்களில் எத்தனை பேர் ஓட்டை ஊரில் வைத்திருக்கிறார்கள்? திருவண்ணாமலையில், கிருஷ்ணகிரியில், தருமபுரியில், திருப்பத்தூரில் பட்டியலில் பெயர் இருக்கிறது. தேர்தல் வந்தால் கட்சிக்காரர் பஸ் அனுப்புகிறார். ஊர்த் திருவிழா போல ஒரு நாள் போய் வருகிறோம். பங்காளிகள் பார்க்கிறார்கள், மரியாதை கிடைக்கிறது. ஆனால் அந்த ஊர் எம்.எல்.ஏ. நம் சிவாஜிநகர்ச் சந்துக்குக் குழாய் போடுவாரா? இங்குள்ள எம்.எல்.ஏ.வோ, ஓட்டில்லாத வீட்டின் கதவைத் தட்டுவாரா? அங்கே நாம் விருந்தாளி. இங்கே நாம் கணக்கிலேயே இல்லை.

ஊர்ப் பாசம் தவறு என்று சொல்லவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சொல்ல வேண்டியது நம் கடமை. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி ஒருவர் பெயர் ஒரே தொகுதியில்தான், ஒரே முறைதான் இருக்கலாம். எங்கே வழக்கமாகக் குடியிருக்கிறாரோ அங்கேதான் பதிய வேண்டும். ஊரில் சொந்த வீடு இருப்பதாலேயே ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார் என்று அந்தச் சட்டமே தெளிவாகச் சொல்கிறது. தெரிந்தே பொய்யாக எழுதிக் கொடுத்தால் ஓர் ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, ஊரில் பூட்டிய வீடு, இங்கே குடித்தனம் என்று இருந்த பலருக்கும் கலக்கம் வந்தது. இரண்டு ஓடத்தில் கால் வைத்தவன் நடு ஆற்றில் நிற்பான். அங்கும் நீக்கப்பட்டு, இங்கும் சேராமல் போனால், 1952-இல் கிடைத்த உரிமை நம் கையாலேயே போகும்.

தாய்மார்கள் நம்மிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "ஊர் ஓட்டை எடுத்துவிட்டால் ரேஷன் கார்டு போய்விடாதா?" நியாயமான பயம். ரேஷன் கார்டு வேறு, வாக்காளர் பட்டியல் வேறு. ஒன்று இன்னொன்றைச் சட்டப்படி இழுத்துக்கொண்டு போவதில்லை. ஆனால் இதையும் யோசியுங்கள். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் தொடங்கியது. அது அந்த மாநில ரேஷன் கார்டை ஒட்டியது. கர்நாடகத்தில் 2023 ஆகஸ்டில் கிருகலட்சுமி மாதம் 2,000 ரூபாய் தொடங்கியது. அது இந்த மாநிலக் கார்டை ஒட்டியது. ஒரு குடும்பத்துக்கு எது பொருந்தும், எங்கே நிரந்தரமாக இருக்கப் போகிறோம் என்று வீட்டிலே பெண்களையும் உட்கார வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள். இரண்டிலும் ஒளித்து வைப்பது முடிவல்ல. அது பயத்தோடு வாழ்வது. பயந்து வாழ்கிறவன் உரிமை கேட்க மாட்டான். அவனை மிரட்டுவது எல்லோருக்கும் எளிது.

செய்ய வேண்டியவை

முதலாவது, பெயரைப் பாருங்கள். ஒவ்வொரு குடும்பமும் இந்த மாதமே தங்கள் வீட்டிலுள்ள பதினெட்டு வயது நிறைந்த அத்தனை பேரின் பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் 6-ஆம் எண் படிவம். ஒரு சந்திலிருந்து இன்னொரு சந்துக்கு மாறினாலும், ஊரிலிருந்து பெயரை இங்கே மாற்றினாலும், பிழை திருத்தினாலும் 8-ஆம் எண் படிவம். 7-ஆம் எண் படிவம் பெயரை நீக்கச் சொல்வது. யாராவது வந்து அதில் கையெழுத்துக் கேட்டால் படிக்காமல் போடாதீர்கள்.

இரண்டாவது, "பதிவு செய்த வாடகைப் பத்திரம் இல்லை" என்று பின்வாங்காதீர்கள். மின்சார பில், காஸ் பில், பேங்கு பாஸ்புக், ஆதார் எதுவும் முகவரிச் சான்றாகும். எதுவுமே இல்லாதவர் வீட்டுக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து விசாரித்துச் சேர்க்க விதி இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று ஆண்டில் நான்கு முதல் தேதிகள் தகுதி நாட்களாக உண்டு. பதினேழு வயது முடிந்ததுமே முன்கூட்டி மனுக் கொடுக்கலாம்.

மூன்றாவது, நோட்டீஸ் வந்தால் அன்றே சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். இடம் மாறிவிட்டார் என்று ஒருவரை நீக்குவதற்கு முன் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். கேட்காமல் நீக்கினால் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடமும், அதற்கு மேல் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு உண்டு. தனியாகப் போனால் "நாளைக்கு வா" என்பார்கள். இருபது பேராகப் போனால் உட்காரச் சொல்வார்கள்.

நான்காவது, கணக்குக் கேளுங்கள். கர்நாடகத்தில் ஒவ்வொரு எம்.எல்.ஏ.வுக்கும் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 2 கோடி ரூபாய் ஒதுக்கீடு உண்டு. எந்த வார்டில் எந்த வேலைக்கு எவ்வளவு போயிற்று என்று 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டி யாரும் கேட்கலாம். இது எந்தக் கட்சிக்கும் எதிரான வேலை அல்ல. கேட்கிறவன் இருந்தால் நல்ல உறுப்பினருக்கும் பலம்தான்.

கார்ப்பரேஷன் விஷயத்திலும் இதையே சொல்வோம். 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அதன் பிறகு ஐந்து ஆண்டுகள், சாக்கடையைப் பற்றிச் சொல்ல வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லாமலே பெங்களூர் இருந்தது. 2025 செப்டம்பரில் பெருநகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டு, சிவாஜிநகர் மத்திய மாநகராட்சியில் சேர்ந்தது. வார்டு சிறியதானால் ஐந்நூறு ஓட்டுக்கும் மதிப்பு உண்டு. சட்டமன்றத்தில் ஆயிரக்கணக்கில் கரைந்துபோகும் நம் ஓட்டு, வார்டில் தராசுத் தட்டைச் சாய்க்கும். ஆனால் அங்கேயும் பட்டியலில் பெயர் இருப்பவனுக்குத்தான் அந்தப் பலம்.

ஐந்தாவதும் முக்கியமானதும், கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள். இந்த மண்ணின் மொழியில் மனு எழுதத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு சந்திலும் ஒருவராவது வேண்டும். தமிழை வீட்டிலும் சங்கத்திலும் வளர்ப்போம்; கன்னடத்தில் உரிமை கேட்போம். ஒன்று மற்றொன்றுக்குப் பகையல்ல. 2011 கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இருபத்தொரு லட்சத்துக்கும் மேல். இத்தனை பேர் இங்கே விருந்தாளிகள் அல்ல. இந்த மாநிலத்தைக் கட்டியவர்களில் ஒரு பகுதி. அந்த உரிமையோடும் அந்தப் பொறுப்போடும் பேச வேண்டும்.

தோழர்களே, தாய்மார்களே! அடுத்த சட்டமன்றத் தேர்தல் 2028-இல் வர வேண்டியது. அதற்கு முன் கொடிகள் வரும், மாலைகள் வரும், "நம்மாள்" என்று சொல்லிக்கொண்டு பலர் வருவார்கள். யார் வந்தாலும் வாசலில் நிறுத்தி மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கள் சந்துக்கு என்ன செய்தீர்கள், என்ன செய்வீர்கள், நடுவழியில் கட்சி மாறினால் எங்களிடம் வந்து சொல்வீர்களா? தமிழில் பதில் சொன்னாலும் உருதுவில் சொன்னாலும் கன்னடத்தில் சொன்னாலும், பதிலை எழுதி வாங்குங்கள்.

கேள்வி கேட்கும் தகுதி, பட்டியலில் பெயர் உள்ளவனுக்குத்தான் உண்டு. ஆகவே சங்கத்தின் தொண்டர்கள் இந்த மாதம் முதல் ஞாயிறுதோறும் படிவங்களோடு உங்கள் சந்துகளுக்கு வருகிறார்கள். கதவைத் திறந்து வையுங்கள். வீட்டிலுள்ள பெரியவர், மருமகள், பதினெட்டு நிறைந்த பெண், வேலை தேடி வந்து உங்களோடு தங்கியிருக்கும் தம்பி, யாரையும் விட்டுவிடாதீர்கள்.